நாலு மணி இரைச்சல்

சித்த அக்கட்டால தள்ளி உக்காருங்க தம்பி, முட்டி மடங்க மாட்டேங்குது. ஆமாங், போதும். பஸ்ஸுல போட்டிருக்கற பாட்டு நல்லாத்தான் இருக்குது, ஆனா அதுக்குப் பின்னால ஙொய்ங்குன்னு ஒரு சத்தம் வருது பாருங்க. வண்டி வேகம் எடுத்தா அதுவும் மேல ஏறுது, கியர் மாத்துனா எறங்குது. கேக்குதுங்களா? கேக்கலையா, நெசமாலுமா? எனக்கு அது மட்டும்தான் கேக்குது. ஸ்பீக்கருக்குப் போற ஒயர்ல சின்னதா ஒரு கெப்பாசிட்டர் வெச்சாப் போதும், நின்னுபோகும். காந்திபுரத்துலயே டிரைவர்கிட்டச் சொன்னேன். வண்டி எடுக்கற நேரத்துல வந்து நாயம் பேசறேன்னு அவருக்குக் கோவம். நல்லது சொன்னா யாருக்குங்க புடிக்குது. என்ற ஊட்டுலயே புடிக்கல. அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க தூங்கறதுன்னாத் தூங்குங்க, நான் மெதுவாச் சொல்றேன்.

என்ற பேரு சென்னியப்பனுங்க, ஒண்டிப்புதூரு. என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி கோவிச்சுக்கிட்டு கோபியில அவ தம்பி ஊட்டுக்குப் போயி இன்னையோட இருவத்திரண்டு நாளாச்சு. கூட்டியாரத்தான் போறேன். வருவாளா மாட்டாளான்னு தெரியல. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல அவ இப்படிப் போனதே இல்லீங்க. என்ற மேல தப்பு இருக்குதான்னு நீங்களே கேட்டுப்போட்டுச் சொல்லுங்க. நீங்களும் கோபிதானே? முகத்தைப் பார்த்தாலே தெரியுது. அப்ப முழுசாவே கேக்கலாம்.

நான் முப்பத்தோரு வருஷம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டெனன்ஸ் பார்த்தேன். மில்ல மூடும்போது டெஸ்டிங் ரூமைக் காலி பண்ணினாங்க. மீட்டரு, ஆசிலாஸ்கோப்பு, சிக்னல் ஜெனரேட்டரு எல்லாத்தையும் காயலான் கடை லாரியில, ஓட்டைத் தகரத்தோட தகரமா வீசியிருந்தாங்க. லாரி மேல ஏறி ஆசிலாஸ்கோப்பைக் கட்டிப் புடிச்சு எறக்கிப்போட்டேன். இருவத்திரண்டு கிலோ. அன்னைக்குப் புடிச்ச இடுப்புதான், இன்னைக்கும் மழை வந்தா முன்னாடியே சொல்லிரும்.

ஆசிலாஸ்கோப்புன்னா என்னன்னு தெரியுங்களா? சின்னதா ஒரு வட்டக் கண்ணாடி. அதுல பச்சையா ஒரு கோடு ஓடும். கரண்டு எப்படித் துடிக்குதோ அதே மாதிரி கோடும் துடிச்சுக் காட்டும். அவ்வளவுதான். என்றது அறுவத்தெட்டுல செஞ்சது, உள்ள பூரா பழைய ரேடியோவுல இருக்கற மாதிரி கண்ணாடி வால்வு. பொத்தானைத் தட்டினா உடனே வராதுங்க. அரை மணி நேரம் சூடாகோணும். அதுக்கப்புறம் அது காட்டறதுதான் உண்மை. நாங்க அவரைப் பெரியவர்னுதான் சொல்றது. நாங்கன்னா நான் மட்டும்தான். வசந்தாமணி அதை அடுப்புன்னு சொல்லுவா. மார்கழி மாசம் அது மேல வடகம் காயப்போட்டுருந்தா. நான் சத்தம் போட்டேன், எடுத்துட்டா. வடகம் நல்லாத்தான் காஞ்சிருந்துச்சு, அதையும் சொல்லோணும்.

அதுல ஆரம்பிச்சதுதான். அப்புறம் எந்தப் பாலிடெக்னிக்ல பழசைக் கழிச்சுக்கட்டறாங்க, உக்கடத்துல எந்தக் கடைக்கு எது வந்திருக்குதுன்னு காதுல விழுந்தாப் போதும், பையோட கெளம்பிருவேன். இப்ப முப்பத்தேழு உருப்படி இருக்குது. ஊரு உலகத்துல ஷோகேஸ்ல பொம்மை வெப்பாங்க, நம்ம ஊட்டு ஷோகேஸ்ல முள்ளு மீட்டருங்க. முள்ளுதாங்க நெசம் பேசும். இந்த நம்பர் காட்டற மீட்டரெல்லாம் பயந்தாங்கொள்ளி, ஏதோ ஒரு நம்பரைச் சொல்லிப்போட்டு ஒதுங்கிக்கும். ஒறம்பரை வந்தாப் படுக்கற ரூம்புல கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் ரேக்கு. என்ற மச்சினன் துரைசாமி ஒருக்கா வந்து படுத்தவன், தூக்கத்துல கையை நீட்டி சிக்னல் ஜெனரேட்டர் மேல வெச்சுப்போட்டான். சின்ன ஷாக்குதான், நாப்பது வோல்ட்டு இருக்கும். அதுக்குப் போயி ஊரையே கூட்டிட்டான். அன்னைக்குப் போனவன் இன்னும் நம்மூட்டுப் படி ஏறல. அவன் ஊட்டுக்குத்தான் இப்பப் போறோம்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், ஒளிக்கக் கூடாது. ஊட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் நான் ஒருக்கா தொறந்து பார்த்துருவேன். கெடுக்கறதுக்கு இல்லீங்க, சோதிக்கறதுக்கு. மிக்ஸி, கிரைண்டரு, அயன் பாக்ஸு எல்லாத்தையும் தொறந்து, அளந்து, சரி பண்ணிக் குடுத்திருக்கறேன். பிரஷர் பார்க்கற மிசின் ஒண்ணு வாங்கினோம். அது எல்லாத்துக்கும் கம்மியாக் காட்டற மாதிரி எனக்குப் பட்டுச்சு. சரி பண்ணேன். இப்ப யாருக்கு வெச்சாலும் இரநூத்திப் பத்து காட்டுது. சரியான ரீடிங்குதான், சனங்களுக்குத்தான் பிரஷர் இருக்குது. வசந்தாமணி அதைப் போட்டுப் பார்க்கறதையே உட்டுட்டா. மருந்து மாத்திரை மட்டும் முழுங்குவா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

பொங்கல் கழிஞ்சு ஒரு வாரம் இருக்கும். நான் தினமும் மூணரைக்கு பெரியவரை ஆன் பண்ணிப்போட்டு, டீ குடிச்சுப்போட்டு, நாலு மணிக்கு அவர் முன்னால உக்காருவேன். உக்காந்தா நாலே முக்கா வரைக்கும் அசைய மாட்டேன். ஊட்டுக்கரண்டு எப்படி இருக்குதுன்னு பார்க்கறது. ரிட்டையரான ஆளுங்க பேப்பர் படிக்கறாங்கல்ல, அந்த மாதிரி வெச்சுக்குங்க. அன்னைக்கு நாலேகால் இருக்கும், வழவழன்னு ஓடிட்டிருந்த பச்சைக் கோட்டுல திடீர்னு புல்லு முளைச்சுது. பூரா ரோமம். இருவது நிமிஷம் இருந்துச்சு, போயிருச்சு. அடுத்த நாளும் அதே நேரம், அதே புல்லு. அதுக்கடுத்த நாளும்.

எங்கயோ ஒரு மோட்டாரு, அதுக்குள்ள ஒரசற கரி பிரஷ் பொறி தட்டுது, அந்த இரைச்சல் ஒயர்ல ஏறி நம்மூட்டுக்கு வருது. எனக்கு அது தெரிஞ்சுபோச்சு. யாருன்னுதான் தெரியல. கோட்டு நோட்டு ஒண்ணு வாங்கி, தேதி போட்டு, ஆரம்பிச்ச நேரம் முடிஞ்ச நேரம் எல்லாம் எழுதினேன். நான் ஸ்கோப்பு முன்னால உக்காந்து சரியாக் கால் மணி நேரத்துல இரைச்சல் வருது. ஆக, யாரோ என்னைய வேவு பார்த்து, நான் உக்காந்ததுக்கு அப்புறமாத்தான் பண்றாங்கன்னு முடிவுக்கு வந்தேன்.

பக்கத்து ஊட்டுல ஆறுக்குட்டி அண்ணன்னு ஒருத்தர். கூட்டுறவு சங்கத்துல செயலாளரா இருந்தவரு. பெரிய கண்ணாடித் தொட்டியில மீன் வளர்க்கறாரு, மண்டை வீங்கின மாதிரி ஒரு செவத்த மீன். தொட்டிக்குக் காத்து ஊதறதுக்கு ஒரு சின்ன மோட்டாரு. எனக்கு அதும் மேல சந்தேகம். போயித் தன்மையாத்தான் சொன்னேன், ஒரு வாரத்துக்கு தினமும் நாலுலேருந்து நாலரை வரைக்கும் நிறுத்தி வைங்க, நான் பார்த்துச் சொல்றேன்னு. பாவம், நல்ல மனுசன், நிறுத்தினாரு. மீனு மேல வந்து வாயை வாயைத் தொறந்துச்சாம். இரைச்சல் நிக்கல. அஞ்சாவது நாள் அந்த மீனு செத்துப்போச்சு. வயசாகித்தான் செத்திருக்கும், மண்டையப் பார்த்தாலே தெரியும். ஆறுக்குட்டி அண்ணன் அதுக்கப்புறம் என்னைய எங்க பார்த்தாலும் செருப்பைப் பார்த்துக்கிட்டே போவாரு.

அவரு வேற ஒரு மோட்டார் ஒளிச்சு வெச்சிருக்கறாருன்னு எனக்குப் பட்டுச்சு. பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அதைக் கண்டுபுடிக்கறதுக்கு பழைய சைக்கிள் ரிம்முல செம்புக்கம்பி சுத்தி ஒரு ஆன்டெனா செஞ்சேன். கேஸ் சிலிண்டர் வெக்கற சக்கரத் தட்டு இருக்குதில்லீங்களா, அதுல பெரியவரை ஏத்தினேன். முப்பது மீட்டர் ஒயரை ஊட்டுலேருந்து இழுத்துக்கிட்டு, நாலேகாலுக்கு வீதியில எறங்கிட்டேன். சிலிண்டரைக் கீழ தரையில வெச்சிருந்தேன். வசந்தாமணி அதுக்கு ஒண்ணும் சொல்லல. சொல்லப்போனா அன்னைக்கு அவளைக் கீழ காணவே இல்லை.

இங்கதாங்க தம்பி விசித்திரம். ஆறுக்குட்டி அண்ணன் ஊட்டு காம்பவுண்டுகிட்டப் போனா இரைச்சல் கம்மியாகுது. வீதிமுனைக்குப் போனா சுத்தமா இல்லை. திரும்பி நம்மூட்டு வாசலுக்கு வந்தா, புல்லு ஆளுயரம் நிக்குது. நான் ரெண்டு மூணு தடவை போயி வந்து பார்த்துட்டேன். வீதிச்சனம் பூரா வாசல்ல வந்து நின்னு பார்க்குது, கோயிலுக்கு ஏதோ ஊர்வலம்னு நெனச்சு ஒரு அம்மா செருப்பைக்கூடக் கழட்டிட்டாங்க. நான் யோசிச்சேன். வெளிய கம்மி, உள்ள சாஸ்தின்னா என்ன அர்த்தம்? ஊரு இரைச்சலையெல்லாம் நம்மூடு உறிஞ்சுதுன்னு அர்த்தம். எர்த் சரியில்லை. அடுத்த நாளே ஆள் உட்டுக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, புது எர்த் போட்டேன். வசந்தாமணியோட செம்பருத்திச் செடி இருந்த எடம்தான் வாகா இருந்துச்சு.

இரைச்சல் நிக்கல.

நடுவுல ஒரு மூணு நாள் வசந்தாமணி சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்காகத் தாராபுரம் போயிருந்தா. மூணு நாளும் கோடு தண்ணி மாதிரி ஓடுச்சு, ஒரு புல்லு இல்ல. நோட்டுல என்ன எழுதினேன் தெரியுங்களா? ‘ஆ.கு. பயந்துவிட்டார்.’ அவ நாலாவது நாள் வந்தா, அன்னைக்கே இரைச்சலும் வந்துருச்சு. எனக்கு அப்பவும் தோணலீங்க. சிரிக்காதீங்க. மெசினைப் பார்த்துக்கிட்டே இருக்கறவனுக்கு மனுசங்க கண்ணுல படமாட்டாங்கன்னு வசந்தாமணி சொல்லுவா. அவ சொல்றது பாதி எனக்கு அப்பவே காதுல விழறதில்லை, அதனால முழுசா என்ன சொன்னான்னு தெரியல.

பங்குனி ஆரம்பத்துல, எர்த் கம்பியைத் தண்ணித் தொட்டி வரைக்கும் கொண்டு போலாம்னு, நாலேகாலுக்கு மாடிக்கு ஏறினேன். அந்த நேரத்துல நான் என்னைக்குமே மாடிக்குப் போனதில்ல. அங்க ஒரு சின்ன ரூம்பு, தட்டுமுட்டு போடறது. கதவு சாத்தியிருக்குது, உள்ள டுர்ர்ருன்னு சத்தம். தள்ளிப் பார்த்தா, வசந்தாமணி பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கறா. ரெண்டு காலும் ஒரு மிசின் மேல. கால் மசாஜ் மிசின். மிசின் ஆடுது, காலு ஆடுது, தாவாங்கட்டை ஆடுது, காதுல தோடு ஆடுது. கண்ணை மூடிக்கிட்டு ஏதோ பாட்டு பாடறா, அந்தப் பாட்டும் ஆடுது. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. முப்பத்தெட்டு வருஷத்துல அந்த முகத்தை நான் பார்த்ததில்லீங்க.

நல்லாக் கேட்டுக்குங்க, அந்த எடத்துல வேற யாரா இருந்தாலும் என்னமோ கேட்டிருப்பாங்க. எனக்குத் தோணுனது ஒண்ணே ஒண்ணுதான். பிரஷ் மோட்டாரு.

துரைசாமிதான் ஏதோ பொருட்காட்சியில அக்காளுக்குன்னு வாங்கிக் குடுத்திருக்கறான். நான் பார்த்தாத் தொறந்துருவேன்னு இவ அதை மாடியில ஒளிச்சு வெச்சு, நான் ஸ்கோப்பு முன்னால உக்காந்ததும் பூனை மாதிரி மேல போயிட்டிருந்திருக்கறா. என்னைய யாரோ வேவு பார்க்கறாங்கன்னு நான் சொன்னது தப்பில்ல பாருங்க. அது வரைக்கும் என்ற கணக்கு சரிதான். அன்னைக்கு அவ கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டா, இதை உட்டுருங்கன்னு. நான் சரின்னேன். நெசமாத்தான் சரின்னேன்.

அடுத்த நாள் காத்தால அவ மார்க்கெட்டுக்குப் போனா.

தம்பி, நான் கெட்டது நெனச்சுத் தொறக்கல. ஒரு கெப்பாசிட்டர் வெச்சா இரைச்சல் நிக்கும், அவளும் ஒளிஞ்சு ஒளிஞ்சு உக்கார வேண்டியதில்ல, கீழயே கொண்டாந்து வெச்சுக்கலாம். அவ நல்லதுக்குத்தான். கெப்பாசிட்டரை வெச்சேன், பத்து நிமிஷ வேலை. மூடப் போறப்பத்தான் பார்க்கறேன், மோட்டார் அச்சுல ஒரு இரும்புத் துண்டு, ஒரு பக்கமாக் கோணலா மாட்டியிருக்குது. எந்தக் களவாணிப் பய செஞ்சானோ. அதனாலதான் அந்த மிசின் அந்த ஆட்டம் ஆடுது. எனக்கு ரத்தம் கொதிச்சுது. முப்பத்தோரு வருஷம் மில்லுல சுத்தற சாமானுல ஒரு நூலளவு ஆட்டம் இருக்க உடமாட்டேன் நான். என்ற கைப்பட்ட மோட்டார் மேல சில்லறைக் காசை நிக்க வெப்பாங்க, அது உழாது. எதிர்ப்பக்கம் சரிக்குச் சரியா ஒரு எடை வெச்சு, ரெண்டு மணி நேரம் அராவி அராவி பேலன்ஸ் எடுத்தேன். ஆன் பண்ணிப் பார்த்தா ஓடுதா இல்லையான்னே தெரியல. அப்படி ஒரு அமைதி.

சாயங்காலம் நாலேகாலுக்கு, பெரியவரையும் சூடு பண்ணி வெச்சு, மிசினையும் கீழ கொண்டாந்து வெச்சு, வசந்தாமணியைக் கூப்பிட்டேன். அவ மிசினைக் கீழ பார்த்ததுமே முகம் மாறிப்போச்சு. ஆனாலும் உக்காந்து காலை வெச்சா. சுவிட்சைப் போட்டேன். காலை அதுமேல வெச்சபடி உக்காந்தே இருந்தா. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். ஆடலீங்க. கொஞ்சம்கூட ஆடல. நான் சந்தோஷத்துல ஸ்கோப்பைக் காட்டி, இங்க பாரு அம்மிணி, ஒரு புல்லு இருக்குதான்னு கேட்டேன். அவ அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் என்னையப் பார்த்தா. கத்தல, கித்தல. மெதுவாச் சொன்னா.

"இந்த ஊட்டுல நீங்க ஸ்க்ரூவைக் கழட்டாத பொருள் எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும்னு நெனச்சேனுங்க."

அவ்வளவுதான் சொன்னா. உள்ள போயி பை எடுத்துக்கிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிட்டா. நான் அவ ஏதோ விசேஷத்துக்குப் போறா, திருப்தியாத்தான் போறான்னு நெனச்சேன். ரெண்டாவது நாள் துரைசாமி போன் பண்ணிக் கத்தினப்பத்தான் அவ கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கறான்னே தெரிஞ்சுது. அந்த இரும்புத் துண்டு கோணலா இருந்தாத்தான் மிசின் ஆடும், ஆடறதுக்குத்தான் அந்த மிசினேன்னு அவன் சொல்லித்தான் எனக்கு ஒறைச்சுது. கோபியில ஜவுளிக்கடை வெச்சிருக்கறவன் சொல்லி எனக்கு ஒறைச்சுது, அதைத்தான் தாங்க முடியல.

அப்புறமேல்ட்டு என்னங்க. சாப்பாடு ஓட்டல்ல பார்த்துக்கிட்டேன், அது ஒண்ணும் பெரிசில்ல. நாலு மணிக்கு ஸ்கோப்பு முன்னால உக்காந்தாத்தான் கஷ்டமா இருக்குது. கோடு ஓடுது. சுத்தமா ஓடுது, ரெண்டு மாசமா நான் ஆசைப்பட்ட மாதிரியே. நாலேகால் ஆகுது, ஒண்ணும் வரல. நாலரை ஆகுது, ஒண்ணும் வரல. எத்தனை நாள் அவ என்ற தலைக்கு மேல உக்காந்து இருவது நிமிஷம் சந்தோஷமா இருந்தா, அதை நான் நோட்டுல நிமிஷக் கணக்கா எழுதி வெச்சிருக்கறேன், என்னமோ திருட்டுக் கேஸு மாதிரி. பத்தாவது நாளு எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. வெக்கமில்லாமச் சொல்றேன். பக்கத்து ஊட்டுக்குப் போயி, அண்ணா, அந்த மீன் தொட்டி மோட்டாரை ஒரு அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க, கோட்டுல ஏதாச்சும் வருதா பார்க்கறேன்னு கேட்டேன். காலித் தொட்டிங்க. ஆறுக்குட்டி அண்ணன் என்ற முகத்தைப் பார்த்துப்போட்டு ஓட்டினாரு. ஓட்டிப்போட்டு, முதல்ல போயி பொண்டாட்டியைக் கூட்டியாடா மடையான்னாரு.

நேத்துதான் துணிஞ்சு போன் பண்ணேன். வசந்தாமணியே எடுத்தா. நான் பேசறதுக்குள்ள அவளே சொல்லிப்போட்டா. புதுசா அதே மாதிரி ஒரு மிசின் வாங்கிட்டு வரோணும். கடைக்காரன் ஒட்டின டேப்பு ஒட்டின மாதிரியே இருக்கோணும். அவ கையாலதான் பிரிப்பா. டேப்பு பிரியாம இருந்தா அடுத்த பஸ்ஸுல என்னோட வந்துருவா. ஓரத்துல ஒரு நகம் பட்டிருந்தாலும் அப்படியே திரும்பிப் போயிக்கலாம், இனி போனும் வேண்டாம்னுட்டா. அவ சொன்னாச் செய்வா தம்பி.

வாங்கிட்டேன். காத்தால கடை தொறந்ததும் வாங்கினேன். இதோ மேல ரேக்குல இருக்குதே, அந்த மஞ்சப்பைக்குள்ள, அந்தப் பெட்டிதான். கைக்கு எட்டாம இருக்கட்டும்னுதான் அங்க வெச்சேன். ஆனா அவிநாசி தாண்டினதுலேருந்து, குழியில வண்டி எறங்கினா உள்ள ஏதோ கடகடங்குது. இப்பக்கூட. கேட்டுதுங்களா? அப்பாடா, இது உங்களுக்கும் கேட்டுதா. என்ற மனசுதான் கேக்குதோன்னு பயந்துட்டேன்.

இப்ப நான் என்ன பண்றது சொல்லுங்க. உள்ள ஒரு ஸ்க்ரூ கழண்டிருந்தா மிசின் ஓடாது. ஓடலைன்னா, நான்தான் தொறந்து நோண்டி மறுபடி டேப்பு ஒட்டியிருக்கறேன்னு நெனப்பா. துரைசாமி சத்தியமே பண்ணுவான். தொறந்து அந்த ஸ்க்ரூவை முடுக்குனா ஓடும், ஆனா டேப்பு பிரிஞ்சிருக்கும். எப்படிப் பார்த்தாலும் என்ற கழுத்துக்குத்தான் கத்தி. ஒருவேளை வெறும் ஒயரோட பின்னு மோதறதா இருக்கும். இருக்கலாம். தெர்மாக்கோல் சரியா வெக்காம இருக்கலாம். ஒரு ஓரமாக் கொஞ்சூண்டு தூக்கிப் பார்த்தாத் தெரிஞ்சுரும்.

சித்த எழுந்து அதை எறக்குங்க தம்பி. என்கிட்டக் குடுக்காதீங்க. உங்க மடியில வெச்சுக்குங்க. கையை டேப்பு மேல வெச்சு அமுக்கிப் புடிச்சுக்குங்க, ஆமாங், அப்படித்தான். நான் என்ன சொன்னாலும் குடுக்கக் கூடாது. சட்டைப் பையில ஸ்க்ரூ கழட்டற டெஸ்டர் இருக்குது, இதையும் நீங்களே வெச்சுக்குங்க. எந்தப் பக்கம் கடகடங்குது, இடது பக்கமா? சித்த சாய்ச்சுப் பாருங்க. இல்ல, சாய்க்காதீங்க. ஒருக்கா மட்டும் சாய்ங்க, காதை வெச்சுக் கேட்டுக்கறேன். வேண்டாம். வேண்டாமுங்க. அவ கைக்குப் போகட்டும், ஓடுனா ஓடட்டும், ஓடலைன்னா அவ கால்ல உழுந்துக்கறேன். முடிவு பண்ணிட்டேன்.

ஏனுங் தம்பி, எதுக்கு எந்திரிக்கறீங்க? நம்பியூரா? நீங்க நம்பியூருங்களா? கோபின்னீங்களே. நீங்க சொல்லலையா, நான்தான் சொன்னனா. நான் கேக்கவே இல்லையே. அய்யோ, இன்னும் முக்கா மணி நேரம் இருக்குதே கோபிக்கு. ஒரு டிக்கெட் எடுத்துக் குடுத்தர்றேன், கோபி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிருங்க, நல்ல இளநி வாங்கித் தர்றேன். ஊட்டுல காத்திருப்பாங்களா? சரி, சரி. போங்க. காத்திருக்கற ஊட்டுக்கு நேரத்துல போயிரோணும், நான் தடுக்க மாட்டேன். பெட்டியைக் குடுத்துப்போட்டுப் போங்க. டெஸ்டரு உங்ககிட்டயே இருக்கட்டும், எடுத்துட்டுப் போயிருங்க, சன்னல் வழியாக் கேட்டாலும் குடுத்துராதீங்க.

கனமாத்தான் இருக்குது. பாருங்க, இந்த ஓரத்துல டேப்பு தானாவே கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்குது. நான் இல்லீங்க, கடைக்காரன் ஒட்டினதே அப்படித்தான். நகத்துல லேசா அமுக்கி உட்டா...

ஏம்மா, ஏம்மா நீலச்சேலை, இங்க வா, எடம் இருக்குது. எங்க போறே, கோபியா? ரெண்டு குழந்தையும் உன்னுதா? அதை எப்படி ரெண்டையும் தூக்கிட்டு நிக்கறே. உக்காரு உக்காரு. அந்தப் பெரிய புள்ளையை நீ வெச்சுக்க, இந்தக் கைக்குழந்தையை என்கிட்டக் குடு. கூச்சப்படாதே சாமி, குடு. இந்தப் பெட்டி மேலயே உக்கார வெக்கறேன், சமமாத்தான் இருக்குது, நான் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கறேன். அழுதா அழுகட்டும். நீ மட்டும் கோபி வர்ற வரைக்கும் குழந்தையைத் திருப்பி வாங்கிராதே.